ஒரே ஜவ்வாது போதுமா?

பருவத்துக்கொரு வாசனை, விசேஷத்துக்கொரு வாசனை என்பதெல்லாம் வெளிநாட்டுப் பகட்டு. நமக்கு என்றைக்கும் ஜவ்வாது போதும் என்கிறார்கள் சிலர். அவர்களுக்குச் சில பதில்கள்:

1. சங்கப் பாட்டான நெடுநல்வாடையைப் புரட்டுங்கள். வாடைக்காற்று வந்ததும் சந்தனம் அரைக்கும் கல் சும்மா கிடக்கிறது, அகில் புகைகிறது. இது எந்த வெளிநாட்டுப் பகட்டு?

2. வெயிலில் வாசனை எண்ணெய் சீக்கிரம் ஆவியாகும்: குப்பென்று அடித்துச் சட்டென்று மங்கும். குளிரில் மெல்லத்தான் எழும். சித்ரா பௌர்ணமியன்று கெட்டி அத்தரைப் பூசிக்கொண்டு திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போய்ப் பாருங்கள். பின்னால் வருகிறவர் பாவம்!

3. கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையே நெய்யும் கற்பூரமுமாக மணக்கிறது. அங்கே உங்கள் சென்ட் யாருக்கு? எதையும் பூசாமல் போவதும் தேர்வுதான்.

4. ஜவ்வாது உள்ளூர்ச் சரக்கா? அந்தச் சொல்லே அரபு வழி வந்தது.