தாய்ப் பாம்பு தேடும் இடம்



சென்ற ஆண்டு வைகாசியில், எங்கள் ஆரணியில் வீடு கட்ட அடுக்கியிருந்த செங்கற்களிடையே ஒரு கண்ணாடி விரியனைக் கண்டு அடித்துக் கொன்றார்கள். அதன் வயிற்றிலிருந்து குட்டிகள் வெளிப்பட்டதும் கூட்டம் திகைத்தது. "பாம்பு முட்டைதானே இடும், சார்?" என்றான் ஒரு பையன். நல்ல பாம்பும் கட்டுவிரியனும் முட்டையிடும். கண்ணாடி விரியனோ குட்டி போடும். பெரும்பாலும் மே முதல் ஜூலைக்குள், ஒரே ஈற்றில் 20, 30 குட்டிகள்கூட உண்டு.

அது ஏன் அங்கே வந்தது? இயற்பியல் ஆசிரியனான எனக்கு வெப்பம்தான் நினைவுக்கு வருகிறது. நம்மைப்போல் பாம்பு தன் உடலைத் தானே சூடாக வைத்துக்கொள்வதில்லை. வெப்பம் குறைந்தால் கருவின் வளர்ச்சி தாமதப்படும். மிகுந்தால் கரு கெடும். ஆகவே தாய்க்கு இடத்தேர்வே வழி. அமெரிக்கக் காடுகளில் சினையுற்ற கிலுகிலுப்பைப் பாம்பு, மரநிழலை விட்டு வெயில்படும் பாறைகளுக்குப் போய், இரைகூட அதிகம் தேடாமல் தங்குகிறது. பகலில் ஏற்ற வெப்பத்தைப் பாறை இரவில் மெல்ல விடுகிறது அல்லவா? நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, நிழலுக்குத்தான் பஞ்சம். புதரும் எலி வளையும் அதைத் தருகின்றன. செங்கல் அடுக்கும் தருகிறது.

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் தொழிற்சாலைக்கும் மனைக்கும் புதர்களை அழிக்கிறோம். "புதர் போனால் பாம்பும் போய்விடும்" என்கிறார்கள். எங்கே போகும்? நம் வாசலுக்குத்தான் என்பது என் கருத்து.

"கடித்தால் என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. விரியன் குட்டிக்கும் பிறந்த அன்றே நஞ்சு உண்டு. அதனால்தான் சொல்கிறேன்: வீட்டருகே செங்கல், விறகு, குப்பை தேங்க விடாதீர்கள், ஊருக்கு வெளியே ஏரிக்கரைப் புதர்களை விட்டுவையுங்கள். இரவில் டார்ச் விளக்கின்றி நடக்காதீர்கள். கடித்தால் கட்டாமல், கீறாமல், உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அங்கே போடப்படும் மருந்தும் பாம்பின் நஞ்சிலிருந்து பிறந்ததே. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் கண்ணாடி விரியனைப் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுகிறார்கள்.

எங்கள் தெருவில் பாம்பு செத்தது. செங்கல் அடுக்கு மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது. அடுத்த வைகாசிக்குள் எதை அகற்ற வேண்டும் என்பதை நீங்களே சொல்லுங்கள்.