'இந்த ஃபோல்டர் யாரோடது?' - சர்வரில் தெரியாத கோப்பைக் கண்டால் அவசரப்பட்டு அழிக்காதீர்கள்!

2025 ஏப்ரல் மாதம். விண்டோஸ் அப்டேட் முடிந்து கணினியைத் திறந்த பலருக்கும் ஒரே குழப்பம். 'சி' டிரைவில் 'ஐநெட்பப்' என்ற பெயரில் புதிதாக ஒரு ஃபோல்டர் முளைத்திருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை.

மைக்ரோசாஃப்டின் 'ஐஐஎஸ்' வெப் சர்வரை நிறுவும்போது வழக்கமாக உருவாகும் ஃபோல்டர் அது. ஆனால், அந்த மென்பொருளைத் தொட்டே பார்க்காதவர்களின் கணினியிலும் அது வந்து உட்கார்ந்திருந்தது. "காலியாத்தானே இருக்கு, தூக்கிடலாம்" என்று பலர் அழித்தும் விட்டார்கள்.

அதன் பிறகுதான் மைக்ரோசாஃப்டிடமிருந்து விளக்கம் வந்தது. ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் ஏற்பாட்டின் ஒரு பகுதியாகத்தான் அந்த ஃபோல்டர் உருவாக்கப்பட்டது. ஐஐஎஸ் பயன்பாட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதை அழிக்கக் கூடாது என்றது அந்நிறுவனம். கணினிக்குள் சாதாரண அனுமதியுடன் இருக்கும் ஒருவர், லிங்க் தந்திரம் செய்து கூடுதல் அதிகாரத்தைக் கைப்பற்ற வழிவிடும் ஓட்டை அது. திருடன் விட்டுப்போன பை என்று நினைத்துப் பலரும் தூக்கி எறிந்தது, உண்மையில் வீட்டுக்குப் போட்ட பூட்டு.

அதே பெயர், வேறு கதை

இதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, இதே 'ஐநெட்பப்' வேறொரு கதையில் வந்தது. 2021 மார்ச் 2 அன்று, நிறுவனங்கள் மின்னஞ்சலுக்குப் பயன்படுத்தும் எக்ஸ்சேஞ்ச் சர்வரில் இருந்த நான்கு ஓட்டைகளுக்கு மைக்ரோசாஃப்ட் அவசர பேட்ச் வெளியிட்டது. அதற்குள் ஹேக்கர்கள் பல சர்வர்களில் நுழைந்து, 'வெப் ஷெல்' எனப்படும் சின்னச் சின்னக் கோப்புகளைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவை பதுங்கிய இடங்களில் ஒன்று, ஐநெட்பப் ஃபோல்டருக்குள் யாரும் எட்டிப் பார்க்காத ஒரு துணை ஃபோல்டர்.

வெப் ஷெல் என்பது சில வரிகள் மட்டுமே கொண்ட ஒரு ஸ்கிரிப்டாகக்கூட இருக்கும். பிரவுசர் வழியாக அதைத் தொட்டால் போதும், உலகின் எந்த மூலையிலிருந்தும் அந்த சர்வருக்குக் கட்டளை கொடுக்கலாம். பேட்ச் போட்டால் ஓட்டை அடைபடும். ஏற்கெனவே உள்ளே வைக்கப்பட்ட வெப் ஷெல் அப்படியே இருக்கும். பல நிறுவனங்கள் இதைக் கவனிக்கவில்லை. கடைசியில் 2021 ஏப்ரலில், அமெரிக்காவின் எஃப்பிஐ நீதிமன்ற அனுமதி பெற்று, அந்நாட்டில் நூற்றுக்கணக்கான சர்வர்களிலிருந்து அவற்றை நீக்க வேண்டியிருந்தது. அழிப்பதற்கு முன், ஆதாரத்துக்காக ஒரு நகல் எடுப்பதும் அந்த அனுமதியின் பகுதியாகவே இருந்தது.

இரண்டு கதைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். பார்க்கச் சந்தேகமாக இருந்தது காவலாக இருந்தது. யார் கண்ணிலும் படாமல் கிடந்தது கதவைத் திறந்துவிட்டது. ஆக, பெயரையும் தோற்றத்தையும் வைத்து ஒரு கோப்பு நல்லதா கெட்டதா என்று தீர்ப்பு சொல்ல முடியாது.

பயப்பட வேண்டாதவை

சர்வரில் 'தெரியாத' கோப்புகளில் பல, சிஸ்டமே உருவாக்கியவைதான். லினக்ஸ் சர்வரில் 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' என்றொரு ஃபோல்டர் இருக்கும். திடீரென மின்சாரம் போய் டிஸ்க்கில் குளறுபடி ஏற்பட்டால், சரிபார்க்கும் மென்பொருள் பெயரை இழந்த கோப்புகளை வெறும் எண்களைப் பெயராக வைத்து அங்கே போடும். பார்க்க வைரஸ் மாதிரி தெரியும். சில சமயம் தொலைந்துபோன டேட்டாவே அதற்குள்தான் இருக்கும்.

இணையதள சர்வரில் புள்ளியில் தொடங்கும் 'வெல்-நோன்' என்ற ஃபோல்டரும் அப்படித்தான். தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழைப் புதுப்பிக்கும்போது, 'இந்தத் தளம் உங்களுடையதுதானா?' என்று சரிபார்க்க அது பயன்படும். தேவையில்லை என்று நினைத்து அதற்கான வழியை அடைத்துவிட்டால், அன்றைக்கு எதுவும் நடக்காது. சில வாரங்கள் கழித்து, தளத்துக்கு வரும் வாடிக்கையாளருக்கு 'பாதுகாப்பற்றது' என்ற எச்சரிக்கை வரும். அதற்குள் யார் என்ன செய்தார்கள் என்பதே எல்லோருக்கும் மறந்திருக்கும்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

முதலாவது, இது யாருடையது? ஒவ்வொரு கோப்புக்கும் சர்வரில் ஒரு உரிமையாளர் உண்டு. வெப் சர்வரின் கணக்கு அதன் உரிமையாளர் என்றால், இணையதளம் வழியாக வந்திருக்க வாய்ப்பு அதிகம். ஊழியர் ஒருவரின் கணக்கு என்றால் அவரிடமே கேட்டுவிடலாம். 'ரூட்' என்றால் சிஸ்டமோ, அட்மினோ, அந்த அளவுக்கு அதிகாரம் பெற்ற வேறு யாரோ வைத்தது.

இரண்டாவது, எப்போது வந்தது? இதில் ஒரு பொறி இருக்கிறது. பட்டியலில் வழக்கமாகத் தெரியும் 'மாற்றப்பட்ட நேரம்' எளிதில் பொய் சொல்லும். பக்கத்தில் இருக்கும் பழைய கோப்புகளின் தேதியையே புதிய கோப்புக்கும் வைத்துவிட முடியும். ஆனால் லினக்ஸில் 'ஸ்டாட்' கட்டளை கொடுத்தால், கோப்பின் விவரங்கள் கடைசியாக எப்போது மாறின என்பதும் தெரியும். இந்த நேரத்தை மாற்றுவது அவ்வளவு சுலபமில்லை. 'மூன்று வருஷம் பழசு' என்று காட்டும் கோப்பின் விவரம் நேற்று இரவு மாறியிருந்தால் உஷாராக வேண்டியதுதான்.

மூன்றாவது, இந்த இடத்தில் இதற்கு என்ன வேலை? வேர்ட்பிரஸ் தளத்தில் படங்கள் ஏற்றும் 'அப்லோட்ஸ்' ஃபோல்டரில் புகைப்படங்களும் ஆவணங்களும் இருக்கலாம். அங்கே இயங்கக்கூடிய ஒரு 'பிஎச்பி' கோப்பு இருந்தால், அது அபாய மணி. கல்யாண ஆல்பத்துக்குள் யாரோ கள்ளச்சாவி ஒளித்து வைத்த மாதிரி.

அழித்தால் என்ன போகிறது?

"சந்தேகமா இருக்குல்ல, டெலீட் பண்ணிட்டா வேலை முடிஞ்சுது" என்ற எண்ணம்தான் இருப்பதிலேயே ஆபத்தானது. கோப்பு எப்படி வந்தது, எப்போது வந்தது, யார் வழியாக வந்தது என்ற தடயங்களில் முக்கியமானவை அந்தக் கோப்போடு சேர்ந்தே போய்விடும். வந்த வழி மட்டும் திறந்தே இருக்கும். அடுத்த வாரம் வேறு பெயரில் இன்னொன்று வரும்.

சில நேரம் அழித்தாலும் பலன் இருக்காது. டிஸ்க் நிரம்பிவிட்டது என்று பெரிய லாக் கோப்பு ஒன்றை அழிப்பார்கள். ஆனாலும் இடம் திரும்பக் கிடைக்காது. ஏதோ ஒரு மென்பொருள் அதை இன்னும் திறந்து வைத்திருக்கும். அது மூடும்வரை, லினக்ஸ் அந்த இடத்தை விடுவிக்காது.

அதற்காக, ஹேக் ஆன சர்வரை அப்படியே ஓட விட வேண்டுமா? கூடாது. சந்தேகம் வலுவாக இருந்தால் முதலில் அதை நெட்வொர்க்கிலிருந்து பிரிக்க வேண்டும். பிறகு டிஸ்க்கை ஸ்னாப்ஷாட் எடுத்து, லாக்குகளை வேறு இடத்துக்கு நகலெடுக்க வேண்டும். அவசரப்பட்டு ரீஸ்டார்ட் செய்தால் மெமரியில் உள்ள தடயங்கள் காணாமல் போகும். இதையெல்லாம் செய்த பிறகுதான் சுத்தம் செய்வதைப் பற்றி யோசிக்கலாம். அதையும் ஒரே கோப்பை நீக்குவதோடு நிறுத்தாமல், நம்பகமான பேக்கப்பிலிருந்து சர்வரை மீண்டும் கட்டி எழுப்பி, பாஸ்வேர்டுகளை மாற்றுவதே நல்லது.

ஆறு மணி நேரம்தான்

இந்தியாவில் இது சட்டப் பிரச்சினையும்கூட. சைபர் அவசரநிலைகளைக் கையாளும் மத்திய அரசு அமைப்பான 'செர்ட்-இன்', 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, அதில் பட்டியலிடப்பட்ட சைபர் சம்பவங்களைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இணையதளத்துக்குள் ஊடுருவி தீங்கான கோடிங்கைச் செருகுவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. லாக்குகளை 180 நாட்களுக்குப் பாதுகாக்க வேண்டும், சர்வர் கடிகாரங்கள் சரியான நேரத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. கடிகாரமே தப்பாக இருந்தால், 'எப்போது வந்தது?' என்ற கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.

ஆனால் நடைமுறை எப்படி இருக்கிறது? வெள்ளிக்கிழமை சாயங்காலம், வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆன ஒரு ஜூனியர், "அண்ணா, இந்த ஃபோல்டர் யாரோடது?" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். "தெரியலப்பா, நான் சேர்றதுக்கு முன்னாடியே இருக்கு. விடு, எதையும் நோண்டாத" என்பதுதான் பல இடங்களில் கிடைக்கும் பதில். அடுத்த முறை அவர் கேட்கவே மாட்டார். பயந்துகொண்டு சும்மா இருப்பார். இல்லையென்றால் யாருக்கும் தெரியாமல் அழித்துவிடுவார். ஏதாவது ஆனால் பழியும் அவர் தலையில்தான் விழும்.

இதில் அந்த ஜூனியரின் தவறு என்று எதுவும் இல்லை. சர்வரில் என்ன இருக்கிறது, யார் எதற்காக வைத்தார்கள் என்று எழுதி வைக்காத நிர்வாகம்தான் பதில் சொல்ல வேண்டும். வேலையை விட்டுப் போனவரின் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கும். பத்து பேர் ஒரே ரூட் பாஸ்வேர்டைப் பயன்படுத்துவார்கள். 'டெஸ்ட்', 'பழசு', 'பழசு-2' என்ற ஃபோல்டர்கள் வருடக்கணக்கில் கிடக்கும். அப்படிப்பட்ட குப்பையில் ஹேக்கர் போட்ட ஒரு கோப்பை யாரால் கண்டுபிடிக்க முடியும்?

இதைச் சரிசெய்யப் பெரிய செலவு வேண்டாம். ஆளுக்கொரு தனிக் கணக்கு, செய்த மாற்றங்களை எழுதி வைக்க ஒரு பொதுக் குறிப்பேடு, மாதத்துக்கு ஒருமுறை தேவையற்றதைக் கணக்கெடுக்க ஒரு மணி நேரம். இந்த மூன்றும் இருந்தாலே, தெரியாத கோப்பு வந்த அன்றே தனியாகத் தெரியும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. 'இது யாரோடது?' என்று கேட்பவரை அலுவலகம் தொல்லையாக நினைக்கக் கூடாது. அந்தக் கேள்வி கேட்கப்பட்ட நிமிடத்திலிருந்துதான் அந்த ஆறு மணி நேரக் கடிகாரமே ஓடத் தொடங்குகிறது.