சைக்கிளுக்கு எதற்கு ஐயா மேக்கப்?

பழைய சைக்கிளுக்குத் திடீரென்று யோகம் அடித்திருக்கிறது. பத்து வருஷமாக மாடிப்படிக்குக் கீழே ஒட்டடையோடு கிடந்ததை வெளியே இழுத்து, தூசி தட்டி, ‘எங்க தாத்தா ஓட்டுன ராலி’ என்று போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் காட்டுகிறார்கள். சந்தோஷம். எடைக்குப் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்றதற்கு இது எவ்வளவோ தேவலை.

ஆனால், அடுத்து நடப்பதைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. மறுநாளே கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் வாங்கி வந்து, வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பரபரவென்று தேய்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். சாயந்திரத்துக்குள் அறுபது வருஷப் பெயின்ட் வாசலில் தூளாகக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஸ்ப்ரே. திங்கட்கிழமை பார்த்தால் கிளிப்பச்சையிலோ, ஆகாச நீலத்திலோ, சொரசொரக் கறுப்பிலோ ஒரு புது ஜந்து நிற்கிறது. கேட்டால், “ரீஸ்டோர் பண்ணிட்டோம் சார்!”

இல்லைங்க. நீங்கள் பண்ணியது வெள்ளையடிப்பு. கோயில் கல்தூணில் இருந்த எழுத்தின் மேல் சுண்ணாம்பு பூசினார்களே, அதே வேலை. அங்கே பூசினால் பத்திரிகையில் எழுதிக் கோபப்படுகிறோம். வீட்டுக்குள் நாமே பூசினால் அதற்குப் பெயர் பொழுதுபோக்கு.

நான் பழங்காநத்தம் பக்கத்து வீடுகளை மனசில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பழங்காநத்தம், டி.வி.எஸ். நகர், ஜெய்ஹிந்த்புரம் என்று இந்தப் பக்கம் முழுக்க ஒரு தலைமுறை சைக்கிளில்தான் வேலைக்குப் போய்ச் சம்பாதித்துக் குடும்பத்தைக் கரையேற்றியது. மில்லுக்குப் போனவரும் சைக்கிள், ஒர்க்‌ஷாப்புக்குப் போனவரும் சைக்கிள், பள்ளிக்கூட வாத்தியாரும் சைக்கிள். அந்த வண்டிகளில் மிச்சம் இருப்பவை இன்னும் பல வீடுகளில் கிடக்கின்றன. உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தால், உப்புத்தாளைக் கையில் எடுக்கும் முன் ஐந்து நிமிஷம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள்.

முதலில், உங்களிடம் இருப்பது என்ன என்று தெரியுமா?

பெடல் பக்கத்துப் பல்சக்கரத்தைப் பாருங்கள். அதில் மூன்று நாரைத் தலைகள் தெரிந்தால் ராலி. ஐந்து மனிதர்கள் ஓடுகிற மாதிரி இருந்தால் ஹம்பர். விரித்த கை இருந்தால் ரட்ஜ். சக்கரத்தில் ஓட்டை போடுகிற இடத்தில் கூட ஓர் அடையாளத்தை வைத்துச் செய்த கம்பெனிகள் அவை. ராலி, இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரத்துக் கம்பெனி. சுதந்திரத்துக்குப் பிறகு இங்கேயே மேற்கு வங்காளத்தில் அசன்சால் பக்கம் ‘சென் - ராலி’ என்று செய்தார்கள். ஹெர்குலிஸ், ஃபிலிப்ஸ் இரண்டும் பிர்மிங்ஹாம் பக்கத்துப் பெயர்கள். 1949-ல் முருகப்பா குழுமம் பிரிட்டிஷ் கம்பெனியோடு சேர்ந்து தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அவற்றை நம்ம அம்பத்தூரிலேயே செய்ய ஆரம்பித்தது.

இன்றைக்கு நிலைமை என்ன? நாட்டிங்ஹாமில் ராலி உற்பத்தி 2002-ல் நின்றுபோனது. அசன்சால் ஆலையை அரசாங்கம் எடுத்து நடத்திப் பார்த்தது, கடைசியில் அதுவும் மூடியது. 1951-ல் ஹரியானாவின் சோனிபட்டில் தொடங்கிய அட்லஸ், சாஹிபாபாத்தில் இருந்த தன் ஆலையை 2020 ஜூன் 3-ம் தேதி நிறுத்தியது. அந்தத் தேதிக்கு ஒரு விசேஷம் உண்டு. ஐ.நா. சபை 2018-ல் அறிவித்த உலக சைக்கிள் தினம் அது! ஆக, உங்கள் மாடிப்படிக்குக் கீழே கிடப்பதைத் திரும்பச் செய்து தர ஆள் கிடையாது.

அந்தக் காலத்துக் கறுப்பு சும்மா பிரஷ்ஷில் பூசியதல்ல. எனாமலை ஏற்றி, சூளையில் வைத்துச் சூடேற்றி இறுகவைத்த கறுப்பு. அதன் மேல் மெல்லிய பொன்னிறக் கோடு. கம்பெனிப் பெயர் ஒட்டுப்படமாக இருக்கும். ஹேண்டில்பாருக்குக் கீழே ஒரு தகட்டு முத்திரை. சீட்டுக்குக் கீழேயோ பெடல் அச்சுக்கு அடியிலோ குத்திய நம்பர். அந்த நம்பரை வைத்து வண்டியின் வயசைக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு. நீங்கள் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, மேலே இரண்டு கோட்டிங் கொடுத்தால் நம்பர் புதைந்துபோகும். கோடு போகும், பெயர் போகும். முத்திரைத் தகட்டின் மேலேயே ஸ்ப்ரே அடித்த வண்டிகளும் உண்டு. கேட்டால், “கழட்ட வரலை சார், அப்படியே அடிச்சுட்டோம்!”

கம்பெனி சமாசாரத்தையாவது விடுங்கள். சங்கிலி மூடியில் உங்கள் தாத்தா யாரோ ஒரு பெயின்டரைப் பிடித்துத் தன் பெயரையும் ஊரையும் எழுதி வைத்திருப்பார். சைக்கிளுக்கு வரி கட்டி லைசென்ஸ் வில்லை வாங்கிய காலம் ஒன்று இருந்தது. அந்த வில்லையை மாட்டிய ஆணித் தடம் இருக்கும். பாரில் சின்ன சீட்டு போட்டு உங்கள் அப்பாவை உட்காரவைத்து ஓட்டிய இடத்தில் பெயின்ட் தேய்ந்து இரும்பு பளபளக்கும். அது அழுக்கா? அது உங்கள் குடும்பத்தின் கையெழுத்து ஐயா. அதைச் சுரண்டிக் குப்பையில் கொட்டிவிட்டு, “தாத்தா ஞாபகமா வச்சிருக்கேன்” என்றால் என்ன அர்த்தம்?

“அதெல்லாம் சரி... துருப்பிடிச்சு நிக்குது, அப்படியே விடச் சொல்றீங்களா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. “அந்தக் காலத்துல தாத்தாவே ரெண்டு தடவை பெயின்ட் அடிச்சவர்தானே?” என்றும் கேட்பீர்கள். அதுவும் உண்மை. ஓட்டுகிற வண்டிக்குத் துரு ஏறாமல் இருக்க அவர் அடித்தார். இரும்பைக் காப்பாற்ற அடிக்கிற பெயின்ட்டுக்கு நான் விரோதி இல்லை. அழகுக்கு அடிக்கிற பெயின்ட்டைத்தான் சொல்கிறேன்.

அதனால், வீட்டில் வைத்துச் செய்வது என்று முடிவெடுத்துவிட்டீர்கள் என்றால், வரிசையை மட்டும் மாற்றுங்கள். பெயின்ட் கடைசி. முதல் வேலை சோப்புத் தண்ணீரும் பழைய பருத்தித் துணியும். பாதி ‘துரு’ அதிலேயே போய்விடும். ஏனென்றால், அது துருவே இல்லை, எண்ணெயும் புழுதியும் சேர்ந்த பிசுக்கு. தின்னரை மட்டும் கிட்டே கொண்டுவராதீர்கள். ஒட்டுப்படத்தையும் பொன் கோட்டையும் அது ஒரே இழுப்பில் துடைத்துவிடும். ஹேண்டில்பார் மாதிரி குரோமியம் ஏறிய இடங்களுக்கு அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். குரோமியத்தை விட அலுமினியம் மெத்து, கீறல் விழாது. காசுச் செலவும் இல்லை.

அடுத்தது கழற்றும் வேலை. இங்கேதான் பலர் வண்டியைக் கொல்வது. பெடல் தண்டைப் பிடித்திருக்கும் காட்டர் பின்னைச் சுத்தியலால் கண்டபடி அடித்தால் மரை நசுங்கும், அச்சில் அடிபட்டு உள்ளே இருக்கும் பால்ரஸ் கிண்ணம் பள்ளம் விழும். மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். அடியில் முட்டுக் கொடுத்து, பிறகு தட்டுங்கள். இடது பக்கத்துப் பெடலுக்கு மரை தலைகீழ். வலது பக்கம் போலத் திருகினால் இன்னும் இறுகும், கழலாது. உள்ளே கிரீஸ் காய்ந்து மெழுகுக்கட்டி மாதிரி இருக்கும். அதைச் சுத்தமாக எடுத்து, பால்ரஸ்ஸை அதே சைஸில் மொத்தமாக மாற்றி, புது கிரீஸ் வையுங்கள். வண்டிக்கு உயிர் வருவது அந்த இடத்தில்தான். கலரில் இல்லை.

இத்தனையும் முடிந்த பிறகு பாருங்கள். எந்த இடத்தில் இரும்பு நிஜமாகவே அரித்திருக்கிறதோ, அந்த இடத்தை மட்டும் தேய்த்து, ரெட் ஆக்சைடு கொடுத்து, பொருத்தமான கறுப்பு எனாமலைத் தொட்டுவையுங்கள். மட்கார்டு முழுக்கப் பொத்தல் என்றால் முழுக்க அடியுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் ரிம்மின் உள்பக்கம் அடிக்காதீர்கள். அந்தக் காலத்துக் கம்பி பிரேக்கில் கட்டை வந்து பிடிப்பது அங்கேதான். அங்கே பளபளவென்று பெயின்ட் இருந்தால் கட்டை வழுக்கும். போட்டோவுக்கு நன்றாக இருக்கும், இறக்கத்தில் வண்டி நிற்காது.

ஒரு விஷயம் விளையாட்டில்லை. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். நம் நாட்டில் வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்று விதி போட்டதே 2016-ல்தான். அமலுக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முன்னால் என்ன கலந்தார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை. நீங்கள் வாசலில் உட்கார்ந்து உலர உலரத் தேய்க்கும்போது பறக்கிறதே தூசி, அது பக்கத்தில் வேடிக்கை பார்க்கிற குழந்தையின் மூக்குக்கும் கைக்கும் போகிறது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். தேய்த்தே ஆகவேண்டும் என்றால் வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டுத் தேய்யுங்கள், மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள், பிள்ளைகளை உள்ளே அனுப்புங்கள், விழுந்ததைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். கூண்டோடு சுரண்டாமல் இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

இதில் உங்களுக்கு வராத வேலை ஒன்று இருக்கிறது. கோட்டம் எடுப்பது. முன் சக்கரத்தில் 32 கம்பி, பின் சக்கரத்தில் 40 கம்பி. ஒன்றைத் திருகினால் இன்னொன்று இழுக்கும். அதைக் காதாலும் விரல் நுனியாலும் சரிபண்ணுகிற ஆள், தெருமுனையில் டயர் தொங்குகிற சின்னக் கடையில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் போய், “அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க” என்று கேளுங்கள். கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். பெயின்ட்டுக்கும் புது சீட்டு உறைக்கும் ஆயிரக்கணக்கில் அழுகிறவர்கள், கோட்டம் எடுக்கிறவரிடம் இருபது ரூபாய்க்கு மல்லுக்கட்டுவதை என்னவென்று சொல்ல? அந்தக் கடையும் மூடிவிட்டால் அப்புறம் உங்கள் ராலி வெறும் பெயின்ட் அடித்த இரும்புதான்.

இப்போது என் உண்மையான கோபத்துக்கு வருகிறேன்.

இத்தனை பாடுபட்டுப் பளபளப்பாக்கி எங்கே வைக்கிறார்கள் தெரியுமா? சுவரில்! ஓட்டலில் மேஜைக்கு மேலே தொங்குகிறது. வீட்டு ஹாலில் பூந்தொட்டி சுமக்கிறது. கல்யாண மண்டபத்தில் போட்டோ எடுக்க நிற்கிறது. டயரில் காற்று கிடையாது, சங்கிலி ஓடாது. அதே மாதிரி ஒரு சைக்கிளில், அதே கறுப்பில், பால் கேனோ, வாழைத்தாரோ, இளநீர்க் குலையோ கட்டிக்கொண்டு பழங்காநத்தம் ரவுண்டானாவைக் கடக்க ஒரு பெரியவர் நிற்பார். அவருக்கு வழிவிட ஒரு கார் நிற்காது. “ஓரமாப் போய்யா!” என்று ஹாரன் அடிப்பவர், அடுத்த அரை மணியில் அந்த ஓட்டலில் சுவர் சைக்கிளுக்குக் கீழே உட்கார்ந்து, “என்ன ஒரு ஆன்ட்டிக் லுக்!” என்பார். தொங்குகிற சைக்கிளுக்கு மரியாதை, ஓடுகிற சைக்கிளுக்கு வசவு. இது என்ன நியாயம்?

சைக்கிள் இந்த ஊர்களில் என்ன செய்தது என்பதை மறந்துவிட்டோம். புதுக்கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டும் பார் வைத்த வண்டியையே எடுத்தார்கள். அதுதான் வசதி, பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று சொன்ன பெண்களும் உண்டு. நீங்கள் சுவரில் மாட்டியிருப்பது அந்த ஜாதி வண்டி.

அரசாங்கத்தின் காகிதத்திலும் குறைவில்லை. 2006-ம் வருஷத்து தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, சாலையில் வண்டிகளை விட மனிதர்களுக்கே முதலிடம் என்றது. நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் இடம் ஒதுக்கச் சொன்னது. பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாச் சைக்கிளும் கொடுக்கிறது நம் மாநிலம். சைக்கிள் கொடுத்தார்கள், சரி. ஓட்ட ரோடு எங்கே? அந்தப் பிள்ளைகள் லாரிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகின்றன. கேட்க வேண்டியவர்கள் நாம். நாமோ சைக்கிளுக்கு எந்தக் கலர் பொருத்தம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. உங்கள் வீட்டு வண்டியை அதன் பழைய தோலோடு விடுங்கள். உள்ளே கிரீஸ் வையுங்கள், டயரும் டியூபும் புதுசு போடுங்கள், பிரேக் கட்டை மாற்றுங்கள், மணி அடிக்கிறதா பாருங்கள். பிறகு ஏறி உட்காருங்கள். பழங்காநத்தத்திலிருந்து பெரியார் நிலையம் ஒன்றும் காசி இல்லை. காலையில் ஆறு மணிக்கு ஒரு தடவை போய்வாருங்கள். அப்புறம் ஒரு நாள் ஒன்பது மணிக்குப் போய்ப் பாருங்கள். அந்தப் பெரியவரும் அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளையும் தினமும் என்ன படுகிறார்கள் என்று தெரியும். தெரிந்தால், கவுன்சிலரிடம் ரோட்டு ஓரத்தைக் கேட்கிற வாய் உங்களுக்கும் வரும்.

பெயின்ட்? ரோட்டில் உரசி உரசிப் போனால் போகட்டும். ஓடித் தேய்ந்த சைக்கிளுக்கு அதுதான் அழகு.