தமிழ்த் திரைக்கு ஒரு மல்யுத்த மேடை

அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்த நிகழ்ச்சிகள் 2025 ஏப்ரல் முதல் இந்தியாவில் சோனி அலைவரிசைகளிலிருந்து நெட்பிளிக்ஸ் தளத்துக்கு இடம்பெயர்ந்துவிட்டன. கல்வராயன் மலையடிவாரத்தில், கூட்டுறவு சர்க்கரை ஆலையையும் கரும்புக் காடுகளையும் சார்ந்து வாழும் கச்சிராயபாளையம் போன்ற ஊர்களுக்கு இதன் பொருள் எளிது: கேபிள் கட்டணத்துக்குள் அடங்கியிருந்த பொழுதுபோக்குக்கு இனித் தனிச் சந்தா செலுத்த வேண்டும்.

2002-இல் தொடங்கப்பட்ட டென் ஸ்போர்ட்ஸ் இதைச் சிற்றூர்களுக்கும் கொண்டுசேர்த்தது. 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் பார்வையாளர் வட்டத்தை மேலும் விரித்திருக்கும் என்பது என் கணிப்பு. இத்தனை ஆண்டு ரசித்தும் நமக்கென ஒரு மேடை உருவாகவில்லை.

வடக்கே முயன்றார்கள். 2012 ஜனவரியில் கலர்ஸ் தொலைக்காட்சியில் 'ரிங் கா கிங்' தொடங்கியது. அமெரிக்காவின் டி.என்.ஏ. நிறுவனம் துணைநின்றது, புணேயின் பாலேவாடி அரங்கில் படப்பிடிப்பு, விளம்பர முகம் ஹர்பஜன் சிங். 26 அத்தியாயங்களோடு, ஏப்ரலில் அது முடிந்துபோனது. இரண்டாம் பருவம் வரவேயில்லை. மாறாக, 2015-இல் கிரேட் காளி ஜலந்தரில் நிறுவிய சி.டபிள்யூ.இ. பயிற்சிக்கூடமாகவும் இயங்கியதால் நிலைத்தது. அங்கே பயின்ற கவிதா தேவி, 2017-இல் சல்வார் கமீஸ் அணிந்தே டபிள்யூ.டபிள்யூ.இ. மேடை ஏறினார். இறக்குமதி செய்த பகட்டைவிட உள்ளூர்ப் பயிற்சிக்கே ஆயுள் அதிகம் என்று நான் கருதுவது இதனால்தான்.

'அதெல்லாம் முன்கூட்டியே முடிவுசெய்த சண்டை' என்று எள்ளுவோர் உண்டு. அந்த நிறுவனமே 1989-இல் நியூஜெர்சி சட்டமன்றத்தின் முன் அதை ஒப்புக்கொண்டுவிட்டது; விளையாட்டுத் துறைக் கட்டுப்பாடுகளிலிருந்தும் வரியிலிருந்தும் விலக்குப் பெறுவதே அதன் நோக்கம். முடிவு தெரிந்த சண்டை நமக்குப் புதிதா என்ன? திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பதினெட்டாம் போர்க் கூத்து நடக்கும்போது, துரியோதனன் வீழ்வான் என்பதை அறியாதவர் எவர்? ஆயினும் விடியும்வரை கண்விழித்திருக்கிறார்கள். பீமன் வேடமிட்டவரின் ஆட்டமும் அடவும் குரலுமே அவர்களை அமர்த்திவைக்கின்றன. இந்த மரபை அறிந்த ஒரு தயாரிப்பாளர் புணேயையோ அமெரிக்காவையோ நகலெடுக்க வேண்டியதில்லை.

எனினும், தொடங்குமுன் தீர்க்க வேண்டிய ஒன்று உண்டு. வெற்றி தோல்வி எழுதிவைத்ததாக இருக்கலாம். முதுகு தரையில் மோதுவது மெய். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. விளையாட்டு வீரர்களுக்குச் சங்கங்கள் இருக்கின்றன. இரண்டிலும் சேராத இந்த மல்லர் கழுத்தெலும்பு முறிந்து படுத்தால், மருத்துவச் செலவு யாருடையது? தமிழ் அலைவரிசை ஏதேனும் இதில் இறங்குமானால், முதல் அத்தியாயம் படமாவதற்கு முன்பே இதற்கான விடை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.