மிலிட்டரிக்காரர் வீட்டுக்கு யார் போவது?

மதுரையிலிருந்து மேற்கே செக்கானூரணி, உசிலம்பட்டி பக்கம் போனாலும் சரி, தெற்கே திருமங்கலம், தே.கல்லுப்பட்டி, பேரையூர் பக்கம் போனாலும் சரி, ஊருக்கு ஊர் ‘மிலிட்டரிக்காரர் வீடு’ என்று ஒன்று இருக்கும். யாராவது வழி கேட்டால் அந்த வீட்டைத்தான் அடையாளம் சொல்வார்கள். வீட்டுக்குள் ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி. மூடியில் வெள்ளை பெயின்ட்டில் நம்பர், ரேங்க், பெயர். உள்ளே டிஸ்சார்ஜ் புக், பென்சன் ஆர்டர், மெடல்கள், மஞ்சளாகிப்போன மருத்துவக் காகிதங்கள்.

பெட்டியோடு ஊர் திரும்பிய எல்லோரும் இரண்டு காலோடு திரும்பியவர்கள் இல்லை. 1987 முதல் 1990 வரை அமைதிப்படையில் இலங்கைக்குப் போனவர்கள் உண்டு. 1999-ல் கார்கிலில் நின்றவர்கள் உண்டு. சியாச்சின் பனியில் விரல்களைப் பறிகொடுத்தவர்கள், பீரங்கிச் சத்தத்தில் காது போனவர்கள் என்று பட்டியல் நீளும்.

அப்படி ஒருவரை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். உசிலம்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். வயது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. யாழ்ப்பாணத்தில் கண்ணிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. மகன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். வீட்டில் அவரும் மனைவியும் மட்டும்.

அவருக்குப் பணம் வரவில்லையா என்றால், வருகிறது. போரில் பட்ட காயம் என்றால் போர்க்காய ஓய்வூதியம். பணியின் காரணமாக வந்த மற்ற பாதிப்பு என்றால் டிஸெபிலிட்டி பென்சன். பாதிப்பு குறைந்தது 20 சதவீதம் இருக்க வேண்டும். கணக்குப் போடும்போது 50-க்குக் கீழே உள்ளதை 50 என்றும், 50 முதல் 75 வரை உள்ளதை 75 என்றும், அதற்கு மேலே உள்ளதை 100 என்றும் ஏற்றி எடுத்துக்கொள்வது 1996 முதல் உள்ள முறை. இது பாதியில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான், பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்குக் கிடையாது என்று அரசுத் தரப்பு பல வருடம் வாதாடியது. 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கும் உண்டு என்று சொல்லிவிட்டது. இன்றைக்கும் இது தெரியாமல் பழைய 20 சதவீதக் கணக்கிலேயே வாங்கிக்கொண்டிருப்பவர் யாராவது உங்கள் தெருவில் இருந்தால், பென்சன் ஆர்டரை ஒருமுறை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சிக்கல் தொகையில் இல்லை. எல்லாவற்றுக்கும் ‘நேரில் வா’ என்பதில் இருக்கிறது.

முதலில் உயிர்வாழ் சான்று. முப்படைகளின் ஓய்வூதியமும் இப்போது ‘ஸ்பர்ஷ்’ என்ற இணைய முறையில், பிரயாக்ராஜில் இருக்கும் அலுவலகத்தின் மேற்பார்வையில் வருகிறது. வருடத்துக்கு ஒருமுறை ஆள் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். தவறினால் பென்சன் நின்றுவிடும். ஸ்பர்ஷ் என்றால் தொடுதல். தொடுவதற்கு விரலில் ரேகை இருக்க வேண்டுமே! ராணுவத்திலிருந்து வந்தபின் காட்டில் களை வெட்டியவர் கையில் பாதி ரேகை தேய்ந்திருக்கும். கையே இல்லாதவர் கதை இன்னும் மோசம். இதோடு பெயர்ப் பிரச்சினை வேறு. நம் ஊரில் பெயருக்கு முன்னால் இனிஷியல். ஆதாரில் ஒரு ஸ்பெல்லிங், ராணுவ ரெக்கார்டில் வேறொரு ஸ்பெல்லிங். திருத்த வேண்டுமானால் அவரவர் படைப்பிரிவின் ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு.

அடுத்தது வைத்தியம். முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரலில் தொடங்கியது. நல்ல திட்டம், அது இல்லாவிட்டால் பல குடும்பங்கள் ஆஸ்பத்திரிச் செலவிலேயே கவிழ்ந்திருக்கும். மதுரையிலும் அதற்கு பாலிகிளினிக் இருக்கிறது. ஆனால் உசிலம்பட்டிக்காரர் அங்கே வருவதற்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். கிராமத்திலிருந்து மினி பஸ், உசிலம்பட்டியில் மாறி ஆரப்பாளையம், அங்கிருந்து ஆட்டோ. செயற்கைக் காலோடு பஸ்ஸின் முதல் படியில் ஏறுவது எப்படி இருக்கும் என்பது ஏறியவருக்குத்தான் தெரியும். நல்ல காலை முதலில் வைத்து, கம்பியைப் பிடித்து உடம்பை இழுக்க வேண்டும். கண்டக்டர் பொறுமைசாலியாக இருந்தால் அது பெரிய உதவி. மாதாமாதம் மாத்திரை வாங்க இந்தப் பயணம். பாதி நாட்கள் கார்டை எடுத்துக்கொண்டு மனைவியே போய்விடுவார். அவருக்கும் மூட்டு வலிதான். ஆனால் அவருக்கு மெடிக்கல் போர்டு எதுவும் சதவீதம் போடவில்லை.

இதையெல்லாம்விடக் கஷ்டம் அந்தக் கால்தான். ராணுவத்தின் செயற்கை உறுப்பு மையம் புனேயில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அடிபட்டு வந்தவர்களுக்காக 1944-ல் ஆரம்பித்தது. வேலையில் குறை சொல்ல முடியாத இடம். ஆனால் ஒருதரம் கால் போட்டால் ஆயுசுக்கும் போதும் என்பது வெளியில் இருப்பவர்களின் நினைப்பு. வெட்டுண்ட காலின் முனை வருடங்கள் போகப்போக வற்றும். உடம்பு பெருத்தால் அதுவும் பெருக்கும். அதைப் பொருத்தும் சாக்கெட் அப்போது தளர்ந்துபோகும், அல்லது இறுக்கும். இறுக்கினால் புண். சர்க்கரை இருப்பவருக்கு அந்தப் புண் ஆறாமல், முழங்காலுக்குக் கீழே நின்றது முழங்காலுக்கு மேலே போகக்கூடும். மதுரையிலிருந்து புனே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஒரு சாக்கெட்டைச் சரிசெய்ய அவ்வளவு தூரம் ரயிலில் போகத் தயங்கும் மனிதர் என்ன செய்வார்? பழைய துணியைச் சுற்றி இட்டுக்கட்டிக்கொண்டு நடப்பார். அதுவும் முடியாத அன்றைக்குக் காலைக் கழற்றி மூலையில் சாத்திவிட்டு, திண்ணையோடு இருந்துவிடுவார்.

வெளியே தெரியாத காயம் பட்டவர்களின் அலைச்சல் வேறு மாதிரி. தரம்வீர் சிங் என்பவர் 1985-ல் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்தவர். வலிப்பு நோய் வந்து 20 சதவீத பாதிப்போடு 1994-ல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். இது உடம்புவாகு நோய், பணிக்குச் சம்பந்தமில்லை என்று சொல்லி டிஸெபிலிட்டி பென்சனை மறுத்தார்கள். சேரும்போது உடம்பைச் சோதித்து நன்றாக இருக்கிறது என்று எழுதித்தானே எடுத்தீர்கள், பிறகு வந்த நோய்க்குப் பணி காரணமில்லை என்றால் அதை நீங்கள்தான் காட்ட வேண்டும் என்ற பொருளில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் தீர்ப்பளித்தது. வீட்டுக்கு அனுப்பி 19 வருடம் கழித்து! அதற்குப் பிறகாவது வழக்குகள் நின்றனவா என்றால் இல்லை. இந்த மாதிரி மேல்முறையீடுகளைக் கைவிடலாம் என்று பாதுகாப்பு அமைச்சகம் அமைத்த குழுவே 2015-ல் சொன்னது. ஆனாலும் நீதிமன்றம் வரை போய்த்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

நீதிமன்றம் என்றால், நம் ஆட்களுக்கு ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளை. தென்மாவட்ட மக்கள் சென்னைக்கு அலையக் கூடாது என்றுதான் 2004 ஜூலையில் உயர் நீதிமன்றக் கிளையை மதுரையில் திறந்தார்கள். நிலத் தகராறு உள்ளவருக்குக் கிடைத்த அந்த வசதி, நாட்டுக்காக உடம்பைக் கொடுத்தவருக்கு மட்டும் ஏன் கூடாது? நிரந்தரக் கிளை வேண்டாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் மதுரையில் அமர்ந்தால், ராமநாதபுரம், விருதுநகர், தேனி, சிவகங்கை ஆட்கள் காலையில் வந்து மாலையில் வீடு திரும்பலாம்.

அது டெல்லி பார்த்துச் செய்ய வேண்டியது. மதுரையிலேயே முடிகிற வேலைகளும் உண்டு. மாவட்டத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் ஒன்று, மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் ஒன்று. கால் இழந்த ஹவில்தார் இரண்டுக்குமே உரியவர். ஆனால் ராணுவ மெடிக்கல் போர்டு போட்ட சதவீதத்தை வைத்து மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டை கிடைக்காது. அதற்கு அரசு டாக்டரிடம் மறுபடியும் காலைக் காட்ட வேண்டும். முப்பது வருடத்துக்கு முன்னால் போன கால் இன்னும் முளைக்கவில்லை என்பதை இன்னொரு முறை உறுதி செய்துகொள்கிறார்கள் போலும். இரண்டு அலுவலகங்களும் தங்கள் பட்டியலை ஒப்பிட்டு, வட்டத்துக்கு ஒரு நாள் டாக்டரோடு முகாம் போட்டால் ஒரே வருடத்தில் முடிகிற வேலை இது.

வீட்டுக்கே போவது நம் அரசுக்குப் புதிதும் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டிலேயே கொடுக்கிறார்கள், பிசியோதெரபிஸ்ட்டும் வருகிறார். அந்தப் பையோடு தெருவில் நுழைபவரிடம், எந்த வீட்டில் செயற்கைக் கால் உபயோகிக்கும் முன்னாள் படைவீரர் இருக்கிறார் என்ற தகவலைக் கொடுத்தால் போதும். சாக்கெட் இறுக்குகிறதா, புண் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல அவரால் முடியும். புனேயிலிருந்து நிபுணர்கள் வருடத்துக்கு இரண்டு முறை மதுரைக்கு வந்து, அரசு ராஜாஜி மருத்துவமனையில் உட்கார்ந்து அளவெடுத்துப் போனால், அத்தனை பேரின் ரயில் பயணம் மிச்சம்.

டிசம்பர் 7 கொடிநாளுக்கு உண்டியலோடு பள்ளிக்கூடம் வரை வரத் தெரிந்த நிர்வாகத்துக்கு, மிலிட்டரிக்காரர் வீட்டுக்கு வழி தெரியாதா என்ன?

அவர்கள் வருகிறபோது வரட்டும். இந்த நவம்பருக்கு இரண்டு வழி இருக்கிறது. தபால்காரரிடம் சொன்னால் இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி மூலம் வீட்டுக்கே வந்து டிஜிட்டல் உயிர்வாழ் சான்று எடுத்துக் கொடுப்பார். கட்டணம் 70 ரூபாய். ரேகை விழாதவர்களுக்கு முகத்தைக் காட்டிப் பதிவு செய்யும் முறை 2021 நவம்பரில் வந்துவிட்டது. ஆண்ட்ராய்டு போனில் ஜீவன் பிரமாண் செயலியும் ஆதார் முக அடையாளச் செயலியும் இருந்தால் போதும். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும் போனிலேயே செய்யலாம். லீவுக்கு ஊருக்குப் போகிற பேரன், தாத்தாவைத் திண்ணையில் வெளிச்சம் பார்த்து உட்காரவைத்து, போனை அவர் முகத்துக்கு நேரே பிடிக்க வேண்டும். கண்ணைச் சிமிட்டச் சொல்லும். சிமிட்டினால் பிரயாக்ராஜுக்குத் தகவல் போய்விடும்.

அப்படியே அந்தக் காலையும் கழற்றச் சொல்லி, உள்ளே புண் இருக்கிறதா என்று பாருங்கள். கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்.