‘தெரியாத மூலம்’: சாவி யார் கையில்?

செல்போனில் செட்டிங்ஸ் போய், ‘அபவுட் போன்’ பகுதியில் ‘பில்டு நம்பர்’ என்கிற வரியை ஏழு தடவை தட்டினால், ‘நீங்கள் இப்போது டெவலப்பர்’ என்று திரையில் வரும். 2012இல் வந்த ஆண்ட்ராய்டு 4.2 முதல் இப்படித்தான். ஏழு தட்டில் எவனும் டெவலப்பர் ஆகிவிட முடியாது. ஆனால் எங்கள் காலனி இரவுப் பாடசாலையில் இதை முதன்முதலாகக் காட்டியபோது பிள்ளைகள் முகத்தில் வந்த சிரிப்பை நான் மறக்கவில்லை. நம்ம காசில் வாங்கின பொருளுக்குள்ளேயே நமக்குத் தெரியாமல் ஒரு அறை பூட்டிக் கிடக்கிறது என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

பக்கத்திலேயே இன்னொரு கதவு இருக்கிறது. பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து ஒரு செயலியை நிறுவுவதற்கான அனுமதி. பழைய போன்களில் இது ஒரே சுவிட்ச். 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி: பிரவுசருக்கு ஒன்று, வாட்ஸ்அப்புக்கு ஒன்று. இதற்கு டெவலப்பர் அறையைத் திறக்கத் தேவையில்லை. கம்ப்யூட்டரிலிருந்து வயர் வழியாக ஏற்றத்தான் அந்த அறையிலுள்ள ‘யுஎஸ்பி டீபக்கிங்’ வேண்டும். தோழர்கள் பலர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

இந்தக் கதவுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘அன்னோன் சோர்சஸ்’, தெரியாத மூலம். பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. எந்த ஊரு, எந்தத் தெரு, யாரு மவன் என்று மூலம் விசாரித்துவிட்டுத்தான் உட்காரச் சொல்வதா நிற்கச் சொல்வதா என்று முடிவெடுக்கிற ஊரில் பிறந்தவன் நான். தெரியாத மூலம் என்றால் யாருக்குத் தெரியாதது? செய்தவனுக்குத் தெரியும், கேட்டு வாங்குகிறவனுக்குத் தெரியும். மய்யத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரியவில்லை என்பதாலேயே அது ‘தெரியாதது’ ஆகிவிடுமா?

கதவைத் திறக்க வேண்டிய தேவை நமக்கு உண்மையிலேயே இருக்கிறது. மடிக்கணினி வாங்க வக்கில்லாத மாணவன் ‘டெர்மக்ஸ்’ என்கிற இலவசச் செயலியைப் போட்டு, போனிலேயே பைத்தான் எழுதிப் பழகலாம். அதன் பிளே ஸ்டோர் பதிப்புக்குப் புதுப்பிப்பு 2020இல் நின்றுபோனது. ஆண்ட்ராய்டு 10 கொண்டுவந்த கட்டுப்பாடுகளே காரணம். எங்கள் பிள்ளைகள் அதை எடுத்தது 2010இலிருந்து இயங்கும் ‘எஃப்-ட்ராய்டு’ என்கிற இன்னொரு களஞ்சியத்திலிருந்து. அங்கே மூலநிரல் எல்லாருக்கும் திறந்து கிடக்கிறது. அதுதான் ‘தெரியாத மூலம்’ ஆம்!

இன்னொன்று. 2023 மேயில் ஒன்றிய அரசு 14 செய்திச் செயலிகளை முடக்கியது. ஜம்மு-காஷ்மீரில் பயங்கரவாதிகள் பயன்படுத்தினார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். அதில் ‘பிரையார்’, ‘எலிமெண்ட்’ போன்ற கட்டற்ற மென்பொருள்களும் இருந்தன. இணையம் வெட்டப்பட்டாலும் பக்கத்துப் போனுக்குச் செய்தி அனுப்பக்கூடியது பிரையார். ஒரே வாசல்தான் என்றால் அடைப்பவனுக்கு வேலை சுலபம் என்பதை இது காட்டவில்லையா?

இதுவரை எழுதியது எனக்கு வசதியான பக்கம். வசதியில்லாத பக்கத்தையும் எழுதியாக வேண்டும்.

போன வருசம் எங்கள் பாடசாலைக்கு வந்துகொண்டிருந்த ஒரு தம்பி, பெயிண்டிங் வேலை செய்கிறவன், ஓடி வந்தான். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு கோப்பு வந்திருக்கிறது. தொட்டிருக்கிறான். அது பத்திரிகை இல்லை, ஏபிகே. உள்ளே உட்கார்ந்து, வருகிற ஓடிபி எஸ்எம்எஸ்ஸையெல்லாம் படித்திருக்கிறது. தங்கச்சியின் காலேஜ் பீசுக்கு வைத்திருந்த பதினான்காயிரம் போய்விட்டது. “அண்ணே, நீங்க சொன்னீங்கன்னுதான அத ஆன்ல வச்சிருந்தேன்” என்றான். உண்மைதான். திறக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான். மூடச் சொல்லிக் கொடுக்கவில்லை. வாட்ஸ்அப்புக்கு அந்த அனுமதியே தேவையில்லை என்றும் சொல்லவில்லை.

வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்த அதிகாரி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஒங்களுக்கெல்லாம் எதுக்குப்பா இந்த போனு?” என்றார். பணம் போனதைவிட அந்த ‘ஒங்களுக்கெல்லாம்’தான் தம்பியை உடைத்தது.

பாதுகாப்பு என்கிற வாதத்தை ஏகபோகத்தின் பொய் என்று ஒரே அடியில் தள்ள என்னால் முடியாமல்போனது அன்றைக்குத்தான். இணையத்திலிருந்து நேரடியாக நிறுவப்படும் செயலிகளில் தீநிரல் பிளே ஸ்டோரைவிட 50 மடங்குக்கு மேல் என்று கூகுள் சொல்கிறது. இதைக் காட்டித்தான் 2025 ஆகஸ்டில் அது ஒரு திட்டத்தை அறிவித்தது. செயலி செய்கிற ஒவ்வொருவரும் பெயர், முகவரி, தொலைபேசி எண் கொடுத்துத் தங்களைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் கூகுள் சான்று பெற்ற போன்களில் அந்தச் செயலி ஏறாது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடங்கி, 2027 முதல் மற்ற நாடுகளுக்கும் என்பது அறிவிப்பு. எதிர்ப்பு கிளம்பியதும், அனுபவமுள்ளவர்களுக்குத் தனிவழி வைப்போம் என்று 2025 நவம்பரில் சொன்னது.

என் கேள்வி இதுதான். பெரிய வாசல் வழியே வருகிறவன் எல்லாம் யோக்கியனா? ஏழைகளின் போன்புத்தகத்தைத் திருடி, படத்தை ஆபாசமாக மாற்றி மிரட்டிய கடன் செயலிகளில் எத்தனையோ அதே பிளே ஸ்டோரில் இருந்தவைதானே? 2022 செப்டம்பரிலிருந்து 2023 ஆகஸ்டு வரை மட்டும் 2,200க்கு மேற்பட்ட கடன் செயலிகளைக் கூகுள் நீக்கியது என்று நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. அத்தனையும் உள்ளே விட்ட பிறகு நீக்கியவை. சாதிக்கொரு கல்யாணச் செயலி அங்கே இன்றைக்கும் தடையில்லாமல் கிடைக்கிறது. அதன் மூலம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். வாசல்காரன் பார்ப்பது முகவரியை, செய்கையை அல்ல.

சட்டமும் நம்மைப் பாதி வழியில்தான் விட்டிருக்கிறது. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. வெளியிலிருந்து நிறுவுவதைத் தடுக்கக்கூடாது என்றும் உத்தரவிட்டது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை ஏற்றது, அந்த உத்தரவை ரத்து செய்தது. அய்ரோப்பாவிலோ 2024 மார்ச்சில் ஆப்பிளே மாற்றுக் கடைகளுக்கு வழிவிட நேர்ந்தது. பூட்டு இயற்கையானது இல்லை, அரசியல் மாற்றினால் மாறக்கூடியது என்பதற்கு இது போதும்.

என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். கதவு இருக்க வேண்டும், சாவி நம் கையில் இருக்க வேண்டும். ஆனால் சாவியை மட்டும் கொடுத்துவிட்டு விடுதலை என்று பேசுவது, நான் செய்த தவறைத் திரும்பச் செய்வது. இப்போது பாடசாலையில் இப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறோம்: பிரவுசருக்கு மட்டும் அனுமதி, வேலை முடிந்ததும் மூடு. செய்தவர்களின் சொந்தத் தளத்திலோ எஃப்-ட்ராய்டிலோ மட்டும் எடு. வாட்ஸ்அப்பில் எவன் அனுப்பினாலும் ஏபிகேயைத் தொடாதே, சொந்த மாமன் அனுப்பியதாக இருந்தாலும். எஸ்எம்எஸ், ‘ஆக்சசிபிலிட்டி’ அனுமதி கேட்டால் எதற்கு என்று கேள். யுஎஸ்பி டீபக்கிங்கைத் திறந்தபடி விடாதே. பணம் போனால் அந்த நிமிசமே 1930க்குப் போன் பண்ணு.

தம்பியின் பணம் திரும்பவில்லை. தங்கச்சியின் பீசை நாங்கள் சேர்ந்து கட்டினோம். அவன் இப்போது புதுசாக வருகிற பிள்ளைகளுக்கு அந்தச் சுவிட்சைக் காட்டுகிறான். முதலில் மூடுவது எப்படி என்று. அப்புறம்தான் திறப்பது. “ஒங்களுக்கெல்லாம் எதுக்கு?” என்று கேட்டவருக்கு அதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.