வயிற்றில் குழாயோடு இருப்பவருக்கு லயத்தில் எங்கே இடம்?

தோழர்களே, சிறுநீரகம் செயலிழந்தவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் இயந்திரத்தில் இரத்தம் சுத்தம் செய்வதென்றால் கிழமைக்கு இரண்டு மூன்று தடவை பஸ் ஏற வேண்டும். இன்னொரு வழியும் இருக்கிறது. வயிற்றில் மெல்லிய குழாயொன்றைப் பொருத்தி, அதன் வழியே மருந்து நீரை உள்ளே விட்டு, சில மணித்தியாலங்களுக்குப் பின் வெளியே எடுப்பார்கள். பெரும்பாலும் நாளைக்கு நான்கு தடவை, தடவைக்கு 2 லீட்டர் அளவில். இதை வீட்டிலேயே செய்யலாம். மேல் டிவிஷனிலிருந்து ரோட்டுக்கு இறங்கவே அரை நாள் போகிற நம் மக்களுக்கு இது நல்ல வைத்தியம்தான்.

ஆனால் வீடு என்று சொல்வது எந்த வீட்டை? கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்து, மாஸ்க் கட்டி, கதவு ஜன்னலைச் சாத்தி, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் பையை மாற்ற வேண்டும். நம்மிடம் இருப்பதோ அடுப்புப் புகை படிந்த ஒரு காம்பரா, ஒழுகும் தகரம், பீலியிலிருந்து குடத்தில் தூக்கி வரும் தண்ணீர். கிருமி தொற்றினால் "லயத்து ஆட்களுக்குச் சுத்தம் தெரியாது" என்று பேசுகிறவர்களும் உண்டு. இதை நாம் ஏற்க மாட்டோம். வசதியான வீட்டிலும் இந்தத் தொற்று வரும். லயத்தில் அதற்குக் கதவைத் திறந்து வைத்திருப்பவர் நோயாளி அல்ல.

வெளியே வரும் நீர் தெளிவாக இருக்க வேண்டும். அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கினால் வலியும் காய்ச்சலும் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கலங்கிய பையை வீசாமல் கையோடு எடுத்துக்கொண்டு, குழாய் வைத்த ஆஸ்பத்திரிக்கு அன்றே போக வேண்டும். அந்த நீரைப் பரிசோதித்து எந்தக் கிருமி என்று பார்ப்பார்கள். கிருமிகொல்லி மருந்தைப் பெரும்பாலும் அதே குழாய் வழியாகவே கொடுப்பார்கள். நேரத்தோடு போனால் பெரும்பாலானோருக்குச் சுகமாகும். தாமதித்தால் குழாயைக் கழற்ற வேண்டி வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். குழாய் வெளிவரும் இடம் சிவந்தாலோ சீழ் வைத்தாலோ மஞ்சளும் எண்ணெயும் பூச வேண்டாம். காட்டிவிட்டு வாருங்கள்.

ஏன் நம்மவர்கள் தாமதிக்கிறார்கள்? கூடப் போகிறவரின் பேர் அன்று விழாது. இரவென்றால் வாகனம் இல்லை. கொழுந்து ஏற்ற லொறி நேரத்துக்கு வருகிறது. நோயாளியை ஏற்றத்தான் ஆயிரம் கேள்வி. டிஸ்பென்சரியில் இரண்டு குளிசை வாங்கிப் போட்டுக்கொண்டு விடியும்வரை பார்ப்போம் என்று இருந்துவிடுகிறார்கள்.

ஆகவே நிர்வாகங்களிடம் நாம் கேட்பது பெரிய காரியமல்ல. இப்படியான நோயாளி இருக்கும் காம்பராவுக்குக் குழாய்த் தண்ணீர், பை மாற்றத் தடுத்த ஒரு சிறு அறை, எந்நேரமும் வாகனம், துணைக்குப் போகிறவருக்கு அன்றைய பேர். தனிவீடு வரும் வரைக்கும் பொறுத்திருக்க இந்த நோய்க்குத் தெரியாது. தோட்டத் தலைவர்களும் மாதர் தலைவிகளும் தம் டிவிஷனில் இப்படிக் குழாயோடு இருப்பவர்களின் விபரத்தை, அவர்களுடைய சம்மதத்தோடு, அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன் காரியாலயத்துக்கு எழுதித் தரவும்.